கேதத்திற்கு முன்னே செல்லும் கால்கள்

 

கொங்கு நாட்டு ஊர்களில் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்துவிட்டால், அச்செய்தியை எவரும் அச்சடித்து அனுப்ப வேண்டியதில்லை. சிறிது நேரத்திற்குள் வாசலில் பந்தல் எழும். பங்காளிகளும் மாமன் மைத்துனரும் வந்து சேர்வர். அவ்வீட்டில் அடுப்பு எரியாது என்பதை உணர்ந்து பக்கத்து வீட்டார் சோறாக்கிக் கொண்டுவருவர். ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்தவனும் அன்று மனத்தாங்கலை மறந்து வந்து நிற்பான். திருமணத்திற்கு அழைப்பு வந்தால்தான் செல்வர்; கேதத்திற்கு அழையாமலே செல்வர். இம்மண்ணின் பண்பாடு வகுத்துத் தந்த உயர்ந்த நெறி இது.

ஆயினும், அதே வீட்டின் மூன்று திங்களுக்கு முந்தைய நிலையை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே மனிதர் உள்ளறையில் கட்டிலில் கிடந்தார். புற்றுநோய் முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதல் வாரத்தில் பத்துப் பேர் வந்தனர். அடுத்த வாரத்தில் மூவர் வந்தனர். பிறகு வாசல் வழியாகச் செல்வோரும் தலையைக் குனிந்துகொண்டு விரைந்தனர். அன்பின்மையால் அல்ல, உள்ளே சென்றால் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நோய் தொற்றிவிடுமோ என்ற அறியாமை சிலரைத் தடுத்தது. புண்ணின் நாற்றம் சிலரைத் தடுத்தது. தம் முடிவையும் அக்கட்டிலில் காண நேருமோ என்ற அச்சம் பலரைத் தடுத்தது.

இறந்த பின் முந்நூறு பேர் கூடினர். அவர் உயிரோடு இருந்தபோது இராப்பொழுதில் ஒரு மணி நேரம் உடன் அமர ஒருவர் இல்லை. இந்த முரண்பாடே இவ்வுரையின் பொருள்.

உழைச்செல்வான் என்னும் நான்காமவர்

திருக்குறளின் 95ஆவது அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறளில் மருத்துவம் என்பதை வள்ளுவர் நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றும் எவரும் எதிர்பார்க்கக் கூடியவை. நான்காவதாக அவர் வைத்தது, நோயாளியின் அருகிருந்து பணிபுரியும் உழைச்செல்வானை. மருத்துவருக்கும் மருந்துக்கும் சமமான இடம் அவனுக்குத் தரப்பட்டிருக்கிறது. அவனுக்குரிய தகுதிகளைப் பரிமேலழகர் தம் உரையில் எண்ணிக் காட்டுகிறார். நோயாளியிடம் அன்பு, உள்ளம் சொல் உடல் ஆகியவற்றின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்து முடிக்கும் வல்லமை, அறிவு என அவை நான்கு. இவற்றுள் பட்டமும் இல்லை, பணமும் இல்லை. அன்பு முதலிடம் பெறுகிறது. ஆனால் அன்பு மட்டும் போதாது, திறனும் அறிவும் வேண்டும் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது.

மணிமேகலை அமுதசுரபியை ஏந்திப் புகார் நகரின் உலக அறவியினுள் புகுந்தபோது, அங்கே அவளை எதிர்நோக்கியிருந்தவர்கள் கண்ணிழந்தோரும் நோயுற்றோரும் ஆதரவற்றோருமே. தமிழ்க் காப்பியம் ஒன்றின் தலைவி நோயாளரிடையே நின்று பணிபுரிகிறாள் என்பது சிறிய செய்தி அன்று.

ஆகவே, மரணப் படுக்கையில் இருப்பவருக்கும் அவர் குடும்பத்திற்கும் துணை நிற்கும் தன்னார்வத் தொண்டு மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று எவரும் கருத வேண்டியதில்லை. மறந்துபோன ஒன்றை மேலைநாடு முறைப்படுத்தி நினைவூட்டியது என்பதே பொருத்தம்.

ஒரு சாளரத்திலிருந்து எழுந்த இல்லம்

அவ்வாறு முறைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் (1918–2005). செவிலியராகப் பயின்று, முதுகுவலியால் அப்பணியைத் தொடர முடியாமல், மருத்துவமனைச் சமூகப் பணியாளரானவர். 1948ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனையில் டேவிட் டாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூதர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். உற்றார் எவரும் அருகில் இல்லாத அவரோடு அம்மையார் பலமுறை பேசியிருந்தார். சாகிறவர்கள் வலியின்றி, தனிமையின்றி இருப்பதற்கு ஓர் இல்லம் வேண்டும் என்பது அவ்விருவரின் உரையாடலில் பிறந்த கனவு. டாஸ்மா இறக்கும்போது 500 பவுண்டை அம்மையாருக்கு விட்டுச்சென்றார். அவ்வில்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அச்சாளரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்ப 19 ஆண்டுகள் ஆயின. 1967இல் இலண்டனில் புனித கிறித்தோபர் இல்லம் திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் தன்னார்வலர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அம்மையார் மருத்துவராகும் முன்பே, வறியோர்க்கான இறுதிக்கால இல்லம் ஒன்றில் மாலை நேரங்களில் தன்னார்வத் தொண்டராகப் பணிபுரிந்தார். வலி தலைதூக்கிய பிறகு மருந்து தருவதை விடுத்து, அது தலைதூக்குமுன் நேரந்தவறாமல் மருந்து தரும் முறையை அங்கேதான் கண்டார். பின்னரே மருத்துவம் பயின்று 1957இல் மருத்துவரானார். உலகை மாற்றிய ஒரு மருத்துவத் துறையின் வேர், ஊதியமற்ற ஒரு மாலைப் பணியில் இருக்கிறது.

ஹாஸ்பிஸ் என்னும் சொல் இடைக்காலத்தில் வழிப்போக்கர் தங்கும் விடுதியைக் குறித்தது. விருந்தினர், விருந்தோம்புவோர் ஆகிய இரு பொருளையும் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. சத்திரமும் சாவடியும் கட்டிய தமிழர்க்கும், ஒறம்பரை வந்தால் இருப்பதைப் பகிர்ந்துண்ணும் கொங்கு நாட்டார்க்கும் அச்சொல்லின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

வலி என்பது உடலோடு முடிவதன்று

சாவை நெருங்கும் ஒருவரின் வலியை அம்மையார் முழு வலி என்றார். உடல் வலி அதன் ஒரு பகுதியே. இனி எனக்கென்ன மதிப்பு என்னும் மனவலி உண்டு. மகளின் கல்யாணம் நின்றுபோனதே, கடன் ஏறிவிட்டதே என்னும் குடும்ப வலி உண்டு. என்ன பாவம் செய்தேன் என்று கேட்கும் ஆன்ம வலியும் உண்டு. மருந்து முதலாவதைத் தணிக்கும். ஏனைய மூன்றுக்கும் மனிதரே மருந்து.

முதலாவதைத் தணிப்பதிலும் இந்திய நாட்டில் பெரும் துயர வரலாறு இருக்கிறது. கடும் வலிக்குரிய மார்பின் அபினியிலிருந்து எடுக்கப்படுவது. மருத்துவத் தேவைக்காகச் சட்டப்படி அபினி விளைவிக்கும் மிகச் சில நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையாலும் உரிமங்களின் சிக்கலாலும் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் அதைக் கைவிட்டன. 1997இல் நாடு முழுவதும் பயன்பட்ட மருத்துவ மார்பின் வெறும் 18 கிலோ அளவுக்குச் சுருங்கியது. உள்நாட்டில் விளைந்த மருந்து பிறநாட்டு நோயாளியின் வலியைத் தணிக்க, விளைந்த மண்ணின் நோயாளி கதறிக் கிடந்தார். 2014ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அனுமதியில் மருத்துவ நிறுவனங்கள் மார்பினைப் பெற வழி பிறந்தது.

சட்டம் திருந்தினாலும் அச்சம் முழுதும் அகலவில்லை. மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், சீக்கிரம் இறந்துவிடுவார் என்று குடும்பத்தார் அஞ்சுகின்றனர். உலக நலவாழ்வு நிறுவனம் 1986இல் வகுத்த படிமுறைப்படி, பயிற்சி பெற்ற மருத்துவரின் கண்காணிப்பில், வாய்வழியாக, குறித்த நேரத்தில், உரிய அளவில் தரப்படும்போது அது நோயாளியை உறங்கவும் உண்ணவும் பேசவும் வைக்கிறது. மலச்சிக்கல் அதன் உறுதியான பக்கவிளைவு. அதற்கான மருந்தையும் சேர்த்தே தருவர். இவ்வுண்மையை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அமைதியாக எடுத்துரைப்பதும் ஒரு தொண்டுதான்.

வாளையாற்றுக்கு அப்பால்

இந்தியாவின் முதல் இறுதிக்கால இல்லமாகிய சாந்தி ஆவேதனா சதன் 1986இல் மும்பையில் தொடங்கப்பெற்றது. தில்லியில் 1996இல், புற்றுநோயிலிருந்து மீண்ட ஹர்மாலா குப்தா அவர்கள் தொடங்கிய கேன்சப்போர்ட் வீடுதேடிச் செல்லும் முறையை மேற்கொண்டது. பெங்களூரில் 1999இல் கருணாசிரயா எழுந்தது. சென்னை மாத்தூரில் ஜீவோதயா, ஏழைப் புற்றுநோயாளருக்குக் கட்டணமின்றி இறுதிக்காலப் பராமரிப்பை வழங்கும் இல்லமாக விளங்குகிறது.

எனினும் ஊர்மக்களின் கையில் இப்பணியை ஒப்படைத்த பெருமை, கோவை மாவட்டத்தின் எல்லையாகிய வாளையாற்றைக் கடந்தால் வரும் கேரளத்திற்கே உரியது. 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில், மயக்க மருந்தியல் மருத்துவர்களான எம்.ஆர். இராசகோபால், சுரேஷ்குமார் ஆகியோர் நண்பர்களோடு சேர்ந்து வலிநீக்கச் சங்கத்தையும் சிகிச்சைப் பிரிவையும் தொடங்கினர். நோயாளிகள் நெடுந்தொலைவிலிருந்து வந்தனர். படுக்கையில் கிடப்பவர் பேருந்தேறி மருத்துவமனைக்கு வர இயலாது என்ற எளிய உண்மை விரைவில் புலப்பட்டது. மருத்துவமனைதான் வீட்டிற்குச் செல்ல வேண்டும். ஆனால் அத்தனை மருத்துவர்களுக்கு எங்கே போவது?

அதற்கான விடை மலப்புறம் மாவட்டத்தில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டிய ஆண்டுகளில் பிறந்தது. அண்டை அயலார் வலைப்பின்னல் என்று அதற்குப் பெயரிட்டனர். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது தரக்கூடியவர்கள் முன்வர அழைக்கப்பட்டனர். ஆசிரியர், மாணவர், கடைக்காரர், உழவர், இல்லத்தரசி என எத்தரப்பினரும் வரலாம். 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் களப்பயிற்சியும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. அவரவர் ஊரில் யார் படுத்த படுக்கையாய் இருக்கிறார் என்று கண்டறிவதும், அவ்வீட்டின் தேவையை அறிவதும், செவிலியரையும் மருத்துவரையும் உரிய வேளையில் அழைத்துச் செல்வதும் அவர்கள் பொறுப்பு. செலவுக்கான பணத்தின் பெரும்பகுதி உள்ளூர் மக்கள் தந்த சிறு சிறு தொகைகளாகவே திரண்டது. பெருஞ்செல்வர் ஒருவரின் கொடை நின்றுபோனால் பணியும் நின்றுபோகும். ஆயிரம் பேர் தரும் சில்லறை நிற்பதில்லை.

2008இல் கேரள அரசு, இந்திய மாநிலங்களுள் முதன்முதலாக இதற்கெனக் கொள்கை அறிவித்து, ஊராட்சிகளின் கடமைகளுள் ஒன்றாக இப்பராமரிப்பை ஆக்கியது. 2018இல் மருத்துவர் இராசகோபாலுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மரணத்தின் மதிப்பைப் பற்றி இலான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆய்வுக்குழு 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகிற்கு எடுத்துக்காட்டாகக் கேரளத்தைச் சுட்டியது.

தமிழ்நாட்டிலும் தன்னார்வத்தின் தடம் புதியதன்று. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், மாதர் சங்கத்தாரின் துணையோடு நிதி திரட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், நோய் ஆதரவுச் சேவையையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. ஆயினும் பல ஊர்களுக்கும் சென்றுவர வேண்டிய செவிலியர், ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் அமர முடியும்? அவர் புண்ணுக்குக் கட்டிட்டுச் சென்ற பிறகு எஞ்சும் நீண்ட பகலையும் அதைவிட நீண்ட இரவையும் ஊர்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

தன்னார்வலர் செய்வன யாவும் சிறியன போலத் தோன்றும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வருவதைப் பெரிதும் தடுக்கலாம். அதைச் செய்யும் முறையை வீட்டாருக்குக் கற்றுத்தரலாம். உலர்ந்த வாயை ஈரத் துணியால் துடைத்துவிடலாம். புண்ணில் எழும் நாற்றத்திற்கும் மருந்து உண்டு. மருத்துவர் சொல்வதற்கேற்ப மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் அது வெகுவாகத் தணியும். நாற்றம் தணிந்த வீட்டிற்குப் பேரப்பிள்ளைகள் திரும்பி வருவர். மாத்திரைப் பொடி செய்தது அது. ஆனால் அதனால் விளைந்தது உறவு.

இவற்றினும் அரியது செவிகொடுத்தல். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது எளிது. அது பொய் என்பதை முதலில் அறிபவர் நோயாளியே. "எப்படீங்க இருக்குது அப்பாரு?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்பது கடினம். அவ்விடை நோயைப் பற்றியதாக இல்லாமல், விற்றுவிட்ட எருதைப் பற்றியதாகவோ, பேசாமல் போன தம்பியைப் பற்றியதாகவோ இருக்கலாம். அத்தம்பியை அழைத்துவர முடியுமானால், அதனினும் சிறந்த சிகிச்சை பிறிதில்லை.

பல வீடுகளில், அவருக்கு நோயின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள் என்று மனைவி சமையலறையில் கெஞ்சுவார். அவளுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று கணவர் கட்டிலில் முணுமுணுப்பார். ஒருவர்மீது ஒருவர் கொண்ட அன்பே இருவரையும் தனித்தனியே அழவைக்கிறது. தன்னார்வலர் இங்கே உண்மையைப் போட்டு உடைப்பவராகவும் இருத்தலாகாது. பொய்க்குத் துணைபோகவும் கூடாது. அறிய விரும்புவது எவ்வளவு என்பதை நோயாளியிடமே மெல்லக் கேட்டறிந்து, உரிய மருத்துவர் வழியாக இருவரும் ஒன்றாய் அமர்ந்து பேசும் நிலையை உருவாக்குவதே முறை.

செய்யக் கூடாதவையும் உண்டு. தாமாக மருந்து சொல்லலாகாது. ஒரு வீட்டில் கண்டதை மறுவீட்டில் பேசலாகாது. சமயமோ கட்சியோ சாதியோ அக்கட்டிலை நெருங்கலாகாது. யார் வீட்டில் யார் தண்ணீர் அருந்துவது என்ற பழைய கணக்கை வைத்திருப்பவரால் இத்தொண்டைச் செய்ய இயலாது. புகைப்படம் எடுத்துப் பெருமை தேடுவதற்கும் இது களமன்று.

கட்டிலுக்கு இப்பால் இருப்பவர்

நோயாளி ஒருவர், ஆனால் நோய் குடும்பம் முழுவதையும் பற்றுகிறது. விசைத்தறிக்கோ மில்லுக்கோ சென்றுகொண்டிருந்த மனைவி வேலையை விட்டு வீட்டில் அமர்கிறாள். ஒரு வருமானம் நோயால் நின்றது. மற்றொன்று பராமரிப்பால் நின்றது. மூத்த பெண் பள்ளியை விட்டு நிற்கிறாள். ஊசி, மருந்து, வாடகை வண்டி எனக் கடன் வளர்கிறது. இனிப் பயன் தராத சிகிச்சைக்காகக் காட்டையும் நகையையும் விற்கும் குடும்பங்கள் எத்தனையோ. உண்மையைக் காலத்தே சொல்லித் துணைநிற்க ஒருவர் இருந்திருந்தால் அவ்விழப்புகளுள் சில தவிர்ந்திருக்கும்.

வாரம் ஒருநாள் பிற்பகலில் ஒரு தன்னார்வலர் கட்டிலருகே அமர்ந்தால், அம்மனைவி குளித்துவிட்டு நிம்மதியாக இரண்டு மணி நேரம் உறங்கலாம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கும் ஓய்வூதிய விண்ணப்பத்திற்கும் யாரை அணுகுவது என்பதை அறிந்து சொல்லலாம். இறப்பிற்குப் பின்னும் பணி முடிவதில்லை. கருமாதி கழிந்து உறவினர் கலைந்த மறுவாரத்தில்தான் அவ்வீட்டின் வெறுமை தொடங்குகிறது. அப்போது மீண்டும் ஒருமுறை வாசற்படி ஏறுபவரே உண்மையில் கேதம் விசாரித்தவர்.

சில ஐயங்கள்

சாவைப் பற்றிப் பேசுவதே அமங்கலம் என்பர் சிலர். பேசாதிருந்ததால் சாவு எவர் வீட்டையும் தவிர்த்ததில்லை. வலியோடு வந்தது என்பதே கண்ட பலன். 2018இல் உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் கூறே என்று தீர்ப்பளித்து, இறுதிக்காலச் சிகிச்சை குறித்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வழிசெய்தது. 2023இல் அந்நடைமுறையை எளிதாக்கியது. பேசாத வீடுகளில் அவ்வுரிமை ஏட்டிலேயே கிடக்கும்.

அரசு செய்ய வேண்டியதை மக்கள் ஏன் செய்ய வேண்டும் என்பர் வேறு சிலர். மருந்தும் செவிலியரும் மருத்துவரும் அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறத்தான் வேண்டும். ஆனால் அருகமர்ந்து கைபிடித்திருக்க எந்த அரசாணையாலும் ஒருவரை அனுப்ப இயலாது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இத்தகைய பராமரிப்பு தேவைப்படுகிறது. தேவைப்படுவோரில் 14 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது. இவ்விடைவெளியை மருத்துவமனைகள் மட்டும் நிரப்பிவிட முடியாது.

எங்களால் பார்த்துத் தாங்க முடியாது என்பர் இன்னும் சிலர். இது மதிக்கத்தக்க அச்சம். அதனால்தான் பயிற்சி, அதனால்தான் தனியாகச் செல்லாமல் இருவராகச் செல்வது, அதனால்தான் திரும்பிவந்து குழுவில் பேசி மனச்சுமையை இறக்கிவைப்பது. கட்டிலருகே செல்ல இயலாதவர் கணக்கெழுதலாம், வண்டி ஓட்டலாம், கஞ்சி காய்ச்சித் தரலாம்.

நொய்யற்கரையில்

சூலூர் நொய்யலின் நீரால் நிறைந்த குளங்களையும், ஆலைத் தொழிலாளரையும், விமானப்படைக் குடியிருப்பையும், தமிழார்வலரையும் ஒருங்கே பெற்ற ஊர். கோவை நகரின் பெரிய மருத்துவமனைகள் சற்றேறக்குறைய 20 கிலோ மீட்டருக்குள் உள்ளன. அங்கிருந்து இனிச் செய்வதற்கில்லை என்ற சீட்டோடு திரும்புவோர் வந்து சேர்வது இச்சுற்று வட்டாரத்து வீடுகளுக்கே. அவர்களைக் கண்டறியப் புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பதை ஊர் ஏற்கெனவே அறியும்.

இலக்கிய அமைப்புகளுக்கு இதில் தனிக் கடமை உண்டு. மனித மனத்தைச் சொல்லால் தொடப் பயின்றவர்கள், சொல் பயன்படாத இடத்தில் மௌனத்தால் தொடவும் அறிந்தவராய் இருத்தல் வேண்டும். கண்பார்வை மங்கிய முதியவருக்கு அவர் விரும்பும் நூலைப் படித்துக் காட்டலாம். தறியிலும் காட்டிலும் உழைத்த அவர் வாழ்க்கைக் கதையை அவர் சொல்லச் சொல்ல எழுதி, பேரப்பிள்ளைகளின் கையில் ஒப்படைக்கலாம். ஒரு மனிதர் தம் வாழ்வு வீணாகவில்லை என்று உணர்ந்து கண்மூட அது துணைபுரியும். வாரத்திற்கு இரண்டு மணி நேரம் என்பது ஒரு திரைப்படம் பார்க்கும் பொழுதினும் குறைவு.

கேதத்திற்கு அழையாமலே செல்லும் கால்கள் கொங்கு நாட்டாரின் கால்கள். அவை செல்லும் வழியும் அறிந்ததே. திறக்க வேண்டிய கதவும் அறிந்ததே. மூன்று திங்கள் முன்னதாகப் புறப்பட்டால் போதும். பந்தலின் கீழ் அமைதியாக அமரத் தெரிந்த ஊர், கட்டிலின் அருகேயும் அமரக் கற்றுக்கொள்ளும். என்றேனும் ஒருநாள் இங்குள்ள ஒவ்வொருவரும் அக்கட்டிலில் கிடந்து வாசலை நோக்கியிருக்கும் பொழுது வரும். அன்று வாசற்படியில் காலடி ஓசை கேட்குமா என்பதற்கான விடையை, இன்று நடக்கத் தொடங்கும் கால்களே எழுதுகின்றன.